பாத்தியில் நின்ற தண்ணீர்

எங்கள் வீட்டில் பெரிய விஷயங்கள் எல்லாம் தண்ணி மாறும்போதுதான் பேசப்பட்டன. யாழ்ப்பாணத்தில், செம்மண் தோட்டம். அப்பா கிணற்றடியில் இறைப்பு மிசினோடு நிற்பார். அம்மா மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவே மண்வெட்டியோடு நிற்பார். ஒரு பாத்தி நிரம்பியதும் அம்மா அதன் வாயை மண் இழுத்து அடைத்துவிட்டு, அடுத்த பாத்தியின் வாயை வெட்டி விடுவார். வாய்க்காலில் வருகிற தண்ணீர் அங்கே திரும்பும். அதுதான் தண்ணி மாறுதல். கண்ணை எடுத்தால் வரம்பு உடைந்துவிடும். ஆகவே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, மிசின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கதைப்பார்கள்.

வீட்டுக்குள் அவர்கள் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. மாட்டை விற்பதா, அண்ணாவை எந்தப் பள்ளிக்கூடத்தில் விடுவது, மழைக்கு முன் கூரை மாற்றலாமா என்பதெல்லாம் வாய்க்கால் கரையில் முடிவானவை. என் கலியாணமும் அப்படித்தான்.

"பொடியன் சிட்னியிலயாம்," என்று அம்மா கத்தினார்.

"எங்கை?"

"சிட்னி. அவுஸ்திரேலியா."

"அங்கை என்ன செய்யிறானாம்?"

"அதைப் பிறகு கேப்பம். மிசினைக் குறையுங்கோ, வரம்பு உடைக்கப் போகுது."

பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் தேநீர்க் கேத்திலோடு வரம்பில் நின்றேன். தோட்டத்தில் எனக்கிருந்த வேலை அது ஒன்றுதான். படிக்கிற பிள்ளை என்று என்னை மண்வெட்டியைத் தொட விட்டதில்லை. நானும் தொடக் கேட்டதில்லை.

2010இல் நான் சிட்னிக்கு வந்தேன். நார்த்மீட்டில் ஒரு வீட்டின் பின்வளவிலிருந்த கிரானி பிளாட்டில் குடியிருந்தோம். ஓர் அறை, ஒரு குசினி, நின்ற இடத்தில் திரும்பக்கூடிய குளியலறை. முன்வீட்டில் வீட்டுக்காரி, ஊரை விட்டு வந்து நெடுங்காலமான ஓர் அன்ரி, தனியாக இருந்தார். அடுத்த வருடம் மகள் பிறந்தாள்.

என் கணவர் மாலையில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலைக்கு நின்றார். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் விடியும்வரை நோயாளிகளின் கட்டில்களைத் தள்ளினார். காலையில் வந்து, பாணைக் கடித்துக்கொண்டே ஒரு சப்பாத்தைக் கழற்றுவார். மற்றதைக் கழற்றும்போது கண் மூடிவிடும். மத்தியானம் கழிந்துதான் எழும்புவார். அந்த நேரம் மகளின் பகல் நித்திரை. நான் பக்கத்தில் படுக்காவிட்டால் அவள் தூங்கமாட்டாள். என் சட்டையைப் பிடித்த கையை விடமாட்டாள். அவள் எழும்பும்போது அவர் பெற்றோல் நிலையத்துக்குப் புறப்பட்டிருப்பார். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அந்த நாள் நித்திரைக்கும் கோயிலுக்கும் யாராவது ஒருவருடைய பிள்ளையின் பிறந்தநாளுக்கும் போய்விடும்.

எனக்கு அவரோடு இருக்க வேண்டும்போல் இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற ஆளைத் தேடுகிறேன் என்று யாரிடம் சொல்வது? அம்மாவிடம் தொலைபேசியில் சொல்ல வாயெடுப்பேன். "மாப்பிள்ளை நல்லாப் பாடுபடுகுது என்ன," என்று அம்மா முந்திவிடுவார். அது உண்மை. உண்மைக்கு எதிராக எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அறைச் சுவர் மட்டைபோல மெல்லியது. குசினியில் கரண்டி விழுந்தால் கட்டிலில் ஆள் புரளும். அதனால் நான் மகளுக்கு முதலில் பழக்கிய வித்தை, உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்பது. அவள் கெட்டிக்காரி, சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். பிறகு அவரை எங்கே கண்டாலும் விரல் தானாக உதட்டுக்குப் போனது. கோயிலில் அவர் தேங்காய்த் தட்டோடு வரும்போதும் உஷ். காரில் அவர் பாட்டு ஒன்றை முணுமுணுத்தாலும் உஷ். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். நான் மட்டும் அவளுடைய விரலைப் பிடித்து இறக்கிவிடுவேன்.

சிறுவர் சிகிச்சை நிலையத்துத் தாதி, பிள்ளை இந்த வயதில் இன்னும் சில சொற்கள் பேசலாம் என்று சொல்லியிருந்தார். சத்தம் போடாதே என்று வளர்க்கிற பிள்ளை எப்படிப் பேசும் என்று அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு மொழி கேட்கிற பிள்ளைகள் பிந்தித்தான் பேசுமாம் என்றார் கணவர். காதைச் சோதிக்கலாமா என்றேன். சோதித்தோம். காது நன்றாக இருந்தது. அவளிடம் ஒழுங்காக இருந்த ஒரே வசனம் "அப்பா ஸ்லீப்பிங்". மூடிய திரைச்சீலையைக் காட்டிச் சொல்வாள். ஒரு நாள், எங்கள் கலியாணப் படத்தில் மாலையோடு கண்ணை அகலத் திறந்துகொண்டு நிற்கிற அவரைக் காட்டியும் சொன்னாள்.

அவர் தூங்குவதற்காக நானும் மகளும் காலை முழுவதும் வெளியே இருக்க வேண்டியிருந்தது. தினமும் பார்க்குக்குப் போக முடியாது. அங்கே ஊஞ்சல் கம்பியில் சிலந்தி இருக்குமோ, மணலுக்குள் கண்ணாடித் துண்டு கிடக்குமோ என்று எனக்குப் பயம். பின்வளவில் வேலியோரமாக ஒரு துண்டுப் புல்நிலம் இருந்தது. அதில் தோட்டம் செய்யலாமா என்று அன்ரியைக் கேட்டேன்.

"செய்யன் பிள்ளை," என்றார். "எனக்கும் புல்லு வெட்டுற வேலை மிச்சம். ஆனால் தண்ணிப் பில்லைக் கண்டு நான் மயங்கி விழுந்தா நீதான் தூக்கோணும்."

முதலில் கணவர் ஒரு சவள் வாங்கி வந்தார். இங்கே எல்லாரும் மண் கிண்டுகிற, காலால் மிதித்துத் தள்ளுகிற சவள். நான் செருப்போடு மிதித்தேன். சவள் நின்ற இடத்தில் நின்றது, நான்தான் ஆடினேன். மிதித்து அனுப்புகிற கருவி என் உடம்புக்குப் புரியவில்லை. தொட்டதில்லை என்றாலும், இருபது வருடம் பார்த்த கண்ணுக்கு மண் என்றால் தன்னை நோக்கி இழுப்பதுதான். மகள் தூங்கிய ஒரு பகல், நான் கட்டிலில் படுத்தபடி குரலைத் தாழ்த்தி, "உதால ஏலாது, மண்வெட்டி வேணும்," என்றேன். அவர் வாசலில் நின்று தலையை ஆட்டினார். அடுத்த ஓய்வு நாளில் கப்ரமட்டாவுக்குப் போய், ஒரு வியட்நாமியரின் கடையிலிருந்து கொண்டுவந்தார். அலகு எங்கள் ஊருடையதேதான். பிடி மட்டும் ஆள் உயரம். அதை மரம் அரிகிற வாளால் அரிந்து குறைத்தார். தன் உயரத்துக்கு அளவு பார்த்து அரிந்தார். வாளோடு நிற்பவர் தன்னைத்தானே அளவு பார்ப்பார். அவர் நல்ல உயரம். நான் அவருடைய தோளுக்கும் இல்லை.

அதன்பின் அந்தத் தோட்டத்தில் இரண்டு பேர் வேலை செய்தோம், ஆளையாள் காணாமல்.

காலையில் நான். மகளை ஒரு பழைய பாயில் இருத்தி, அவள் மண்ணை வாயில் வைக்கிறாளா என்று ஒரு கண்ணை அவளில் வைத்துக்கொண்டு கொத்துவேன். மண்வெட்டியை என் பக்கம் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் பிடியின் நுனி விலாவில் வந்து இடிக்கும். சற்றுச் சரிந்து நின்றால் குறைவாக இடித்தது. சரிந்து நிற்கப் பழகிக்கொண்டேன். மத்தியானத்துக்குப் பின் அவர். அறைத் திரையின் ஓரத்தை விலக்கினால், மகளின் தலைக்கு மேலால் அவர் கொத்துவது தெரியும். சாறத்தை மடித்துக் கட்டி, ஓங்கி, சிரமமில்லாமல் கொத்துவார். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து, நான் கட்டிய வரம்பைக் காலால் தட்டிப் பார்ப்பார். நன்றாகக் கட்டியிருக்கிறேன் என்று நினைக்கிறாரா, இல்லை கோணல் என்று நினைக்கிறாரா? கண்ணாடியைத் தட்டிக் கேட்கலாம். தட்டினால் பிள்ளை எழும்பிவிடும்.

அவர் விட்ட இடத்தில் மண்வெட்டி குத்தி நிற்கும். மறுநாள் நான் அதிலிருந்து தொடங்குவேன். அலகில் காய்ந்த மண்ணைச் சுரண்டி வைக்கவே மாட்டார். எங்கள் வீட்டில் அது பெரிய குற்றம். அம்மா சிரட்டைத் துண்டால் சுரண்டிக் கழுவிக் கவிழ்த்துத்தான் வைப்பார். நான் ஐஸ்கிறீம் பெட்டி மூடியால் சுரண்டுவேன். சுரண்டும்போது எரிச்சல் வரும். ஆனால் அந்த எரிச்சலில் ஒரு சுகமும் இருந்தது. மனைவிமார் புருஷன்மாரோடு சண்டை பிடிக்கிற விஷயம் ஒன்று எனக்கும் கிடைத்திருந்தது.

நாங்கள் அமைத்தவை ஊரில் கண்ட பாத்திகள். நாற்புறமும் வரம்பு கட்டி, நடுவைத் தாழ்த்தி, பக்கத்தால் ஒரு வாய்க்கால். மிளகாய், கத்தரி, வெண்டி. ஒரு பாத்தியில் சின்ன வெங்காயம். வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். நாற்றுகள் பிடித்தமாதிரித்தான் தெரிந்தன. அன்ரி பின்கதவில் நின்று பார்த்தார்.

"என்ன பிள்ளை, குளம் கட்டுறியளோ?"

"பாத்தி அன்ரி."

"ஓம் ஓம். என்ர அப்பாவும் உப்பிடித்தான் கட்டினவர். வடிவா இருக்கு. படம் எடுத்து ஊருக்கு அனுப்பு."

2012 ஒக்ரோபரில், ஒரு ஞாயிறு, கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். ஆஸ்பத்திரியில் அவரை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று நிரந்தர இரவு. சம்பளம் கூடுதல், பெற்றோல் நிலையத்தையும் விடத் தேவையில்லை. இப்போது இருக்கிறமாதிரியே இருக்கும், வருடக் கணக்காக. மற்றது பகல். அதை எடுத்தால் அந்த ஒரு வேலைதான், சம்பளமும் குறைவு. வீடு வாங்கும் யோசனை தள்ளிப்போகும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"இரவுக்கே ஓம் எண்டு சொல்லட்டோ?" என்றார்.

மகள் என் மடியில் இருந்தாள். அவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்கட விருப்பம்," என்றேன்.

சொல்லிவிட்டு அந்த இரண்டு சொல்லையும் திங்கள் முழுக்க, செவ்வாய் முழுக்கக் கொத்திக்கொண்டிருந்தேன். இரவு வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன நியாயம்? நான் வேலைக்குப் போகவில்லை. பட்டப்படிப்பு பெட்டிக்குள் கிடக்கிறது. முதுகு நோகிறவர் அவர். பிள்ளைக்கு வீடு வேண்டாமா? பிள்ளைக்கு அப்பா வேண்டாமா? மேசையில் முகத்துக்கு முகம் பார்த்து இதைக் கேட்டால் நான் அழுதுவிடுவேன், அவர் பயந்துபோய் நான் கேட்டதற்கெல்லாம் ஓம் என்பார். அப்படி வாங்கின ஓம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

புதன்கிழமை, வெயிலும் காற்றுமாக ஒரு நாள். அன்ரி கடைக்குப் போகும்போது மகளைத் தள்ளுவண்டிலில் கூட்டிப்போவதாகச் சொன்னார். வழக்கமாக நான் விடமாட்டேன். தெருவைக் கடக்கும்போது அன்ரி கதைத்துக்கொண்டு போவார், இரண்டு பக்கமும் பார்ப்பாரா? அன்று விட்டேன். கொஞ்ச நேரத்தில் அன்ரி திரும்பி வந்து, வண்டில் தன் முன்வாசல் நிழலில் நிற்கிறதென்றும், பிள்ளை வண்டிலிலேயே நித்திரை என்றும், தான் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கப்போவதாகவும் கையால் சைகை காட்டிவிட்டுப் போனார்.

என் சட்டையை யாரும் பிடித்திருக்கவில்லை. நான் குசினியில் என் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே கணவர் அப்போதுதான் எழும்பி வந்து பாத்தியடியில் நின்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

அவர் என்னைக் கண்டு திடுக்கிட்டார். "என்ன, பிள்ளைக்கு ஏதுமோ?"

"இல்லை. அன்ரியோட நித்திரை."

"அப்ப நீர்?"

"சும்மா வந்தனான்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வெண்டிக் கன்றைப் பார்த்தோம். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "ஆள் இருக்கு. இண்டைக்கு இறைப்பமோ?"

ஹோஸ் குழாயை இழுத்து வாய்க்கால் தலைப்பில் போட்டுவிட்டு அவர் சுவரோரத் தண்ணீர்ப் பைப்படிக்குப் போனார். நான் மண்வெட்டியை எடுத்து முதல் பாத்தியின் வாயில் நின்றேன். நான் நின்ற இடம் எனக்கே புதிதாக இருந்தது. அது அம்மா நிற்கிற இடம்.

"மிசின் ஸ்ராட்," என்றார் அவர், பைப்பைத் திறந்துகொண்டே.

"மெல்லமா விடுங்கோ. வரம்பு புதுசு."

தண்ணீர் புற்களையும் ஒரு நெகிழிக் கரண்டியையும் தள்ளிக்கொண்டு வாய்க்காலில் வந்தது. முதல் பாத்திக்குள் திரும்பிப் பரவியது. கன்றுகளின் அடி கறுத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"மாறட்டோ?" என்று கேட்டேன்.

"மாறும்."

நான் குனிந்து, மண்ணை இழுத்து வாயை அடைத்தேன். ஓர் இழுவை, இரண்டு இழுவை. அடுத்த பாத்தியின் வாயை வெட்டினேன். தண்ணீர் திரும்பியது. அப்போது ஹோஸ் நின்றுவிட்டது. அவர் பைப்பைப் பூட்டியிருந்தார்.

"என்ன?"

"பிடி உமக்கு விலாவில இடிக்குதெல்லே."

"அது இடிக்கிறதுதான்."

"எப்ப தொடக்கம்?"

"வாங்கின நாள் தொடக்கம்."

"ஏன் சொல்லேல்லை?"

"எப்ப சொல்லுறது? நீங்கள் நித்திரை."

பகிடியாகத்தான் சொன்னேன். வாயை விட்டு வந்தபோது அது பகிடியாக இல்லை. அவர் கிட்ட வந்து மண்வெட்டியை வாங்கினார். நான் பிடிக்கிற இடத்தில் பிடித்து, என் அளவுக்கு உடம்பைத் தாழ்த்தி, ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். நுனி அவருடைய வயிற்றில் குத்தியது.

"நீர் கொத்துறதை நான் பாத்ததே இல்லை என்ன," என்றார்.

அவர் கொத்துவதை நான் திரைக்கு இடையால் எத்தனையோ நாள் பார்த்திருந்தேன். அது எனக்கு மட்டுமே சொந்தமாக இருந்த காட்சி என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பாத்தியைத் திரும்பிப் பார்த்தோம். முதல் பாத்தியில் தண்ணீர் அப்படியே நின்றது. வாய் அடைத்து இவ்வளவு நேரமாகியும் இறங்கவில்லை. வானம், வேலி, உடுப்புக் கொடியில் கிடந்த அவருடைய நீல நிற வேலைச் சட்டை எல்லாம் அதற்குள் தெரிந்தன.

"இது குடிக்கேல்லை," என்றேன்.

அவர் விரலை விட்டுப் பார்த்தார். வெள்ளை கலந்த மண் விரலில் பசைபோல ஒட்டிக்கொண்டு வந்தது. "களிமண். கீழ முழுக்கக் களி. நாங்கள் சட்டியெல்லோ செய்து வைச்சிருக்கிறம்."

அந்தத் தெருவில் மரக்கறி வைத்திருந்த எல்லாரும் மண்ணை உயர்த்திக் குவித்துத்தான் வைத்திருந்தார்கள். தள்ளுவண்டிலைத் தள்ளிக்கொண்டு அவற்றைத் தாண்டித்தான் நான் தினமும் போய்வந்தேன். அவர்கள் வேறுமாதிரிச் செய்கிறார்கள் என்று நினைத்தேனே தவிர, ஏன் என்று நினைக்கவில்லை. செம்மண்ணில் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தாழ்த்துகிறோம். இங்கே தண்ணீர் போகவே இடமில்லை. இரண்டு பேர், இரண்டு நேரத்தில், ஒரே பிழையை அவ்வளவு ஒழுங்காகச் செய்திருந்தோம்.

தண்ணீர் இறங்கும்வரை செய்ய ஒன்றும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் நின்று பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஊரில் இந்த நேரத்துக்குள் அம்மா நாலு பாத்தி தாண்டியிருப்பார். அங்கே மண் அவசரப்படுத்தும். இங்கே மண் எங்களை நிற்க வைத்தது. அவருடைய முகத்தைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"இரவு வேலைக்கு ஓம் எண்டு சொல்லாதேங்கோ."

"ஏன் கத்துறீர்? பக்கத்திலதானே நிக்கிறன்."

நான் கத்தியது எனக்குத் தெரியவில்லை. மிசின் ஓடுகிறது என்று தொண்டை நினைத்துக்கொண்டது போலும்.

"பகலை எடுங்கோ," என்றேன் மெதுவாக.

"வீடு பிந்தும்."

"பிந்தட்டும்."

"நீர் என்ர விருப்பம் எண்டெல்லோ சொன்னனீர்."

"சொன்னனான். அது மேசையில சொன்னது."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து, தண்ணீரில் மிதந்த நெகிழிக் கரண்டியை எடுத்து, அதிலிருந்த சேற்றைப் பெருவிரலால் துடைத்தார். அது மகளுக்குச் சோறு ஊட்டுகிற கரண்டி.

"என்னைக் கண்டா ஏன் விரல் வைக்கிறாள் எண்டு எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனீர்?" என்றார். "சிரிக்காட்டி என்ன செய்யிறது. அதுதான் சிரிக்கிறனான்."

தண்ணீர் விரலளவு இறங்கியிருந்தது, அல்லது வெயில் குடித்திருந்தது. அவர் உள்ளே போய் வாளை எடுத்துவந்தார். என்னை மண்வெட்டியோடு நிற்கச் சொல்லி, கையை எங்கே பிடிக்கிறேன் என்று பார்த்து, பென்சிலால் கோடு போட்டார். பிடியைப் படிக்கட்டில் வைத்துக் காலால் அமத்தி அரிந்தார். அரியும்போது பெற்றோல் நிலையத்துக்கு நேரமாகிவிட்டதை நான் சொன்னேன். "பொறும், முடியுது," என்றார். மரத்தூள் படிக்கட்டில் கிடந்தது. அதைக் கூட்ட எனக்கு மனம் வரவில்லை. காற்றுக்கு அதுவாகவே போனது.

வெள்ளிக்கிழமை காலை வந்து இரண்டு சப்பாத்தையும் கழற்றியபின், "பகல் எண்டு சொல்லிப்போட்டன்," என்றார். கட்டிலில் விழுந்து தூங்கினார். நான் வெளியே போய்ப் பாயை விரித்தேன்.

கன்றுகள் ஒவ்வொன்றாக மஞ்சளடித்துச் செத்தன. வெங்காயம் அழுகி மணத்தது. இரண்டு மிளகாய்க் கன்று மட்டும் வரம்பின் மேலே ஏறி நின்றதால் பிழைத்தன. "தாமரை வையுங்கோ பிள்ளை," என்றார் அன்ரி. "பூவெண்டாலும் கோயிலுக்குக் கொண்டு போகலாம்." மண்ணை உயர்த்திக் கட்டலாம் என்று நாங்களும் ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொண்டோம். அதற்குள் புல் திரும்ப ஏறிவிட்டது.

இப்போது சொந்த வீடு இருக்கிறது, பிந்தித்தான் வந்தது. பின்னால் பலகை அடித்து உயர்த்திய பாத்திகள், மேலே கறுத்த சொட்டுநீர்க் குழாய். திறந்துவிட்டால் அது தன் பாட்டில் ஓடும். யாரும் கிட்ட நிற்கத் தேவையில்லை. அதனால் நாங்களும் நிற்பதில்லை. ஆளுக்கொரு வேலையாகப் போய்விடுகிறோம். மண்வெட்டி கராஜில் இருக்கிறது. எடுத்தால் அவர்தான் எடுப்பார், அந்தக் கட்டைப் பிடிக்கு முதுகை வளைத்துக்கொண்டு கொத்துவார். புதுப் பிடி போடுங்கோ என்றால் கேட்பதில்லை. களியில் தண்ணீர் இறங்காமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நான் இன்னும் ஏங்குகிறேன். மிளகாய் அந்தளவு செத்தது பற்றி எனக்குக் கவலையே இல்லை.

பகல் வேலை தொடங்கிய முதல் நாள் மாலை, நானும் மகளும் அழிந்த பாத்திகளுக்குப் பக்கத்தில் இருந்தோம். வெளிச்சம் நன்றாக இருந்தது. பக்கவழியால் அவர் வந்தார், நீலச் சட்டையோடு, கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு, கண் முழுதாகத் திறந்து. மகள் அவரைக் கண்டாள். பாயிலிருந்து எழும்பி, உதட்டில் விரலை வைத்து, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் புல்லில் குந்தினார். "இல்லை குஞ்சு," என்றார். "இனிக் கத்தலாம். அப்பா முழிப்பு."

அவள் நம்பவில்லை. விரலை எடுக்காமல் மூடிய அறைத் திரைச்சீலையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். நான் எழும்பிப் போய் யன்னலைத் திறந்து திரையை முழுதாக விலக்கி விட்டேன். கட்டில் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றாள். பிறகு விரலை எடுத்தாள்.

"ஆ," என்றாள், சோதித்துப் பார்ப்பதுபோல.

"ஆ," என்றார் அவரும்.

அவளுடைய அடுத்த "ஆ" அவ்வளவு பலமாக வந்தது. முன்வீட்டுப் பின்கதவு திறந்தது.

"என்ன பிள்ளை, அங்கை என்ன சத்தம்?" என்று அன்ரி கேட்டார்.

"ஒண்டுமில்லை அன்ரி," என்று நான் கத்தினேன். "அப்பாவும் மகளும் கதைக்கினம்."